வாடிக்கையாளர் என்று போட்டுக்கொள்ளுங்கள்

"அவள் வந்து மன்னிப்புக் கேட்கும் வரைக்கும் இந்த வீட்டில் யாரும் அவளோடு பேசக் கூடாது" என்று நான் தீர்ப்புச் சொன்னபோது என் மனைவி ஒரு வார்த்தைகூட மறுத்துப் பேசவில்லை. "சரிங்க" என்றாள். அப்போதே நான் பயந்திருக்க வேண்டும்.

'அவள்' என்பது எங்கள் ஒரே மகள். நான் நில அளவையாளன். முப்பது வருடம் சங்கிலியும் கோலும் தூக்கி அலைந்தவன். அவளையும் எங்கள் அலுவலகத்திலேயே வரைபடப் பிரிவில் சேர்த்துவிட்டிருந்தேன். மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலி. வேறு என்ன வேண்டும் ஒரு மனுஷிக்கு? ஒருநாள் எழுந்து, "அப்பா, நான் வேலைய விட்டுட்டேன்" என்றாள். பார்வை இல்லாதவர்களுக்கு நடைவழி சொல்லும் ஓர் ஆப் செய்கிறார்களாம், சின்ன கம்பெனியாம், அங்கே போகிறாளாம். வரைபடம் போடத் தெரிந்தவள் வாயால் வழி சொல்லப் போகிறாளா என்று கேட்டேன். பேச்சு தடித்தது. அவள் பையை எடுத்தாள். நான் தீர்ப்பை எடுத்தேன்.

ஆப் என்ற சொல்லோடு ஓர் உகரம் சேர்ந்தால் என்ன ஆகும் என்று தமிழ் தெரிந்த யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு வைக்கப்பட்டது அதுதான்.

முதல் வாரம் ரோஷத்தில் ஓடியது. அப்புறம் வீடு பெரிதாகிக்கொண்டே போனது. மூன்று அறைகள்தான், அளந்தவனே நான்தான். ஆனாலும் அவள் அறையைத் தாண்டிப் போக நேரம் பிடித்தது. மனைவியோ பள்ளிக்கூடம் போனாள், வந்தாள், பிள்ளைகளின் விடைத்தாள் திருத்தினாள். மகள் பேச்சையே எடுக்கவில்லை. என்ன கல் நெஞ்சு என்று வியந்தேன்.

அப்படி இருக்கையில் எதிர் வீட்டு வயலின்காரர் படிக்கட்டில் என்னை நிறுத்தினார். அவருக்குச் சில வருடங்களாகப் பார்வை இல்லை. கோலைத் தட்டிக்கொண்டே, "சார், அந்த ஆப்புல இப்ப குரல் வருது, கேட்டீங்களா? உங்க வீட்டுக் குரல். கடைத்தெரு வரைக்கும் கைய புடிச்சுக் கூட்டிட்டுப் போற மாதிரி இருக்கு. கேட்டுப் பாக்கறீங்களா?" என்று கைப்பேசியை எடுத்தார்.

"வேண்டாம் சார், அவசரமா போறேன்" என்றேன். தீர்ப்புச் சொன்னவன் படிக்கட்டில் வைத்தா காதை நீட்டுவது? ஆனால் மேலே வந்ததும் கைப்பேசியை எடுத்தேன். அவள் போவதற்கு முன்னால் என் கைப்பேசியிலும் அதைப் போட்டு வைத்திருந்தாள். பழைய பதிப்பு. அதில் குரல் கிடையாது, வெறும் மணிச் சத்தம். புதுப்பித்தால் அவள் குரல் வரும். பேசினால்தானே தீர்ப்பு மீறல்? கேட்டால்?

அழுத்தினேன். 'புதுப்பிக்க முடியவில்லை' என்றது. மறுபடியும் அழுத்தினேன். 'இந்தச் சாதனத்தில் இடம் இல்லை. கணினி வழியாக முயலவும்.'

எங்கள் கூடத்தில் ஒரு கணினி உண்டு. அதில் ஒரு மென்பொருள். கைப்பேசியை வயரால் மாட்டினால் இரண்டும் ஒன்றையொன்று பார்த்து, இதில் இல்லாததை அதிலும் அதில் பழசாய்ப் போனதை இதிலும் சரிசெய்துகொள்ளும். ஒத்திசைவு என்று பெயர். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் தெரிந்தது அந்தப் பெட்டி ஒன்றுக்குத்தான்.

வயரை மாட்டி உட்கார்ந்தேன். பச்சைக் கோடு பாதி தூரம் ஓடி நின்றது. ஆப் மட்டும் பழசாகவே இருந்தது. அதற்குள் மனைவி வந்துவிட்டாள்.

"என்னங்க கம்ப்யூட்டர்ல?"

"ஆபீஸ் வேல."

"ஆபீஸ் வேலைக்கு எதுக்கு போன்ல வயரு?"

"சார்ஜ் ஏறுது."

"செவுத்துல ஏறாதா?"

"கம்ப்யூட்டர்ல போட்டா நிதானமா ஏறும்."

"உங்கள மாதிரி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் மத்தியானம், அவள் பள்ளியில் இருக்கும் நேரத்தில், ஆப்பின் அடியில் இருந்த உதவி எண்ணுக்கு அழைத்தேன். சின்ன கம்பெனி; யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். அதனால் முன்னெச்சரிக்கையாக வாய்மேல் கைக்குட்டையை மடித்து வைத்துக்கொண்டேன்.

"வணக்கம். சிரமத்துக்கு மன்னிக்கணும் சார். சொல்லுங்க, என்ன பிரச்சன?"

அவள்தான். கைக்குட்டையை இன்னொரு மடிப்பு மடித்தேன்.

"ஹலோ? சார்?"

"அப்டேட்டு… வரல" என்றேன், தொண்டையைக் கட்டையாக்கி.

"பேர் சொல்லுங்க சார்."

"பேர் எதுக்கு? வாடிக்கையாளர்னு போட்டுக்கோங்க."

"சரிங்க வாடிக்கையாளர் சார். வயர கழட்டிட்டு மறுபடி மாட்டுங்க. மாட்டினீங்களா? வீட்ல வேற யாராவது இருக்காங்களா?"

"மனைவி இருக்காங்க. இப்ப வெளிய போயிருக்காங்க."

"அவங்க நல்லாருக்காங்களா?"

"இது அப்டேட்டுக்குத் தேவையா?"

"கேட்டு எழுதணும் சார். நீங்க சாப்டீங்களா?"

"இதுவுமா?"

"வயித்த காயப்போட்டுட்டு கம்ப்யூட்டர் முன்னால உக்காந்தா தப்பு தப்பா அழுத்துவாங்க சார். அனுபவத்துல சொல்றேன்."

அன்று சரியாகவில்லை. சரியாகாததில் எனக்கு இருந்த சந்தோஷத்தை இங்கே எழுதக் கூச்சமாக இருக்கிறது. மறுநாளும் அழைத்தேன். அதற்கு மறுநாளும். கணினியை அணைத்துப் போடச் சொன்னாள், போட்டேன். மென்பொருளையே புதுசாக இறக்கச் சொன்னாள், இறக்கினேன். ஒருநாள் பச்சைக் கோடு நிற்காமல் ஓடத் தொடங்கியது. முக்கால் தூரம் போய்விட்டது.

"சார், வருதா சார்?"

வந்துவிட்டால்? நாளைக்கு எதைச் சொல்லிக் கூப்பிடுவேன்? வயரைப் பிடுங்கினேன்.

"நின்னுபோச்சு" என்றேன்.

"பரவால்ல சார். நாளைக்குப் பாக்கலாம்."

"சரி பாப்பா."

வாயிலிருந்து போய்விட்டது. பிறந்ததிலிருந்து அவளை அப்படித்தான் கூப்பிடுகிறேன்.

"என்ன சார் சொன்னீங்க?"

"சரி… பாப்போம்னு சொன்னேன்."

"அதானே" என்றாள். குரல் லேசாக உடைந்த மாதிரி இருந்தது. சிக்னல் சரியில்லை போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு ஒருநாள் வேறு ஒரு பையன் எடுத்தான்.

"மேடம் இல்லியா?"

"அவங்களுக்கு நல்ல காய்ச்சல் சார். நான் பாக்கட்டுமா? என்ன பிரச்சன?"

"ஒண்ணுமில்ல" என்று வைத்தேன். என்ன பிரச்சனை என்று அவனிடம் எப்படிச் சொல்வது? கைக்குட்டை கையிலேயே இருந்தது. எங்கே தங்கியிருக்கிறாள் என்று தெரியாது. கஞ்சி வைத்துக் கொடுக்க ஆள் உண்டா என்று தெரியாது. ஊரில் உள்ள மூலைமுடுக்கெல்லாம் அளந்தவன், என் பிள்ளை படுத்திருக்கும் கதவு எண் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

மனைவியிடம் கேட்கலாம் என்றால் அவளும் அன்று சீக்கிரம் வரவில்லை. பள்ளியில் கூட்டம் என்றாள். களைத்துப்போய் வந்து, நான் உலையில் போட மறந்த அரிசியை அவளே போட்டாள்.

"ஏம்மா… இந்தக் காய்ச்சல் எல்லாம் இப்ப ரொம்பப் பரவுதாமே?"

"யாருக்குக் காய்ச்சல்?"

"பொதுவா கேட்டேன்."

"பொதுவா மாத்திர சாப்ட்டா பொதுவா சரியாயிடும்" என்றாள். இவளுக்கு இதயம் இருக்கும் இடத்தில் சுண்ணாம்புக்கட்டிதான் இருக்கிறது என்று தீர்மானித்தேன்.

இரண்டு நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் மகளே எடுத்தாள். குரல் கம்மியிருந்தது.

"சிரமத்துக்கு மன்னிக்கணும் சார். ரெண்டு நாள் வரமுடியல."

"அது கெடக்கட்டும். இப்ப எப்படி இருக்கு?"

"ஆப்பா சார்?"

"ஆப்புதான்."

"நீங்கதான் சார் சொல்லணும்."

இந்த முறை நான் வயரைத் தொடவில்லை. சத்தியமாகத் தொடவில்லை. அவள் சொன்னதை எல்லாம் வரிசையாக, ஒழுங்காகச் செய்தேன். கோடு முழுசாக ஓடி முடிந்தது. ஆப் பழசாகவே இருந்தது.

"எனக்கே புரியல சார்" என்றாள். இருமினாள். "இத நேர்ல வந்து பாத்தாதான் தெரியும். ஆனா வாடிக்கையாளர் கூப்பிடாம நாங்க வீட்டுக்கு வரக்கூடாது. அது எங்க விதி."

தீர்ப்பு ஒரு பக்கம். அந்த இருமல் ஒரு பக்கம். அளவைக்காரனுக்கு எந்தப் பக்கம் நீளம் என்று பார்த்ததும் தெரிய வேண்டும்.

"வாங்க" என்றேன்.

"எப்ப சார்?"

"இப்பவே வாங்க. பஸ்ல வராதீங்க, காத்து அடிக்கும். டாக்ஸி புடிச்சு வாங்க. கழுத்துல ஏதாவது சுத்திக்கிட்டு வாங்க."

"முகவரி சார்?"

சொல்ல வாயைத் திறந்தேன். "உங்களுக்குத் தெரியும்" என்றேன், கைக்குட்டை இல்லாமல்.

சாயங்காலம் அழைப்பு மணி அடித்தது. நான் எழுவதற்குள் மனைவி கதவைத் திறந்துவிட்டாள். அவள் அதிர்ச்சி அடையவில்லை. "உள்ள வா, செருப்ப ஓரமா விடு" என்றாள், காலையில் போனவள் சாயங்காலம் திரும்பியது போல. மகள் கழுத்தில் துண்டு சுற்றியிருந்தாள். இளைத்திருந்தாள். கையில் பை; போகும்போது எடுத்துப்போன அதே பெரிய பை.

நான் வயரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"வாடிக்கையாளர் நீங்கதானா சார்?"

தலையை ஆட்டினேன். அவள் வந்து என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். நெற்றி இன்னும் லேசாகச் சுட்டது. அளவைக் கோல் தூக்கித் தூக்கிக் காய்த்துப்போன தோள். அன்றைக்கு அதற்கு ஒரு பாரமும் தெரியவில்லை.

ஆனால் பாருங்கள், மனிதனுக்குக் கௌரவம் என்று ஒன்று இருக்கிறது. கண்ணைத் துடைத்துக்கொண்டதும் அது வந்துவிட்டது.

"எல்லாம் சரி. ஆனா நான் சொன்ன சொல்லு ஒண்ணு இருக்கு. மன்னிப்பு…"

"அதான் தினமும் கேட்டாளே" என்றாள் மனைவி, விடைத்தாளிலிருந்து தலையைத் தூக்காமல்.

"எப்ப கேட்டா?"

"போன எடுத்த ஒடனே. 'சிரமத்துக்கு மன்னிக்கணும் சார்'னு. ஒருநாள் விடாம சொல்லணும்னு நாந்தான் சொல்லியிருந்தேன்."

"நீயா? நீ எங்க அவகிட்ட…" மகள் பக்கம் திரும்பினேன். "நான்தான் பேசறேன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? குரல மாத்திப் பேசினேனே!"

"நம்பர மாத்தலியேப்பா" என்றாள் மகள் மெதுவாக.

அவளோடு பேசக் கூடாது என்றல்லவா தீர்ப்பு என்று மனைவியைக் கேட்டேன். "இந்த வீட்ல பேசக் கூடாதுன்னுதானே சொன்னீங்க? நான் அவ வீட்டுக்குப் போய்ப் பேசினேன்" என்றாள். காய்ச்சலுக்குக் கஞ்சி வைத்ததும் அவள்தான். பள்ளிக் கூட்டம் நடந்த இடம் மகளின் அறை.

மகள் அதற்குள் கணினி முன்னால் உட்கார்ந்து மென்பொருளைத் திறந்திருந்தாள். ஒரு மூலையைச் சுட்டிக் காட்டினாள். 'ஆப்களைப் புதுப்பி' என்று ஒரு சின்னக் கட்டம். அதில் டிக் இல்லை.

"அம்மா, நீயா எடுத்த?"

"பின்ன? அன்னைக்கு நீ சொன்னதப் பாத்தா மூணு நாள்ல சரியாயிடும் போல இருந்துது. மூணே நாள்ல மனசு மாற உங்கப்பா என்ன பச்சப்புள்ளையா? தினமும் காலைல பள்ளிக்கூடம் போறதுக்கு முன்னால எடுத்துவிட்டுட்டுப் போனேன்."

மகள் டிக் போட்டாள். கோடு ஓடியது. புதிய பதிப்பு வந்து உட்கார்ந்தது. இத்தனை நாள் இதற்காகத்தானே பாடுபட்டேன்? எதிரே அவளே இருந்தாலும் அந்தக் குரலைக் கேட்க ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அவர்கள் முன்னால் கேட்டால் கண் மறுபடியும் நனையும். "பால் வாங்கிட்டு வரேன்" என்று காதில் இயர்ஃபோனை மாட்டிக்கொண்டு இறங்கினேன்.

தெருவில் விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. சலவைக் கடையைத் தாண்டினேன். யாரிடமும் வழி கேட்டுப் பழக்கமில்லாத நான், பால் கடை என்று ஆப்பில் அடித்துவிட்டுக் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு காத்திருந்தேன்.

"நில்லுங்க" என்றது குரல். கணீரென்று, கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கும்படி. "நீங்கள் தவறான திசையில் செல்கிறீர்கள். திரும்புங்கள்."

நடுத்தெருவில் நின்றேன். மகள் குரல் இல்லை. என் மனைவி.

அண்ணாந்து பார்த்தேன். மாடிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கேட்காதது போல நேராகவே நடந்துவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன்.

"திரும்பச் சொன்னேன்ல?"

அது ஆப்பிலிருந்து வந்ததா, மாடியிலிருந்து வந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. திரும்பிவிட்டேன்.