கழன்றுகொண்டே இருந்த நட்டு

மனைவி தையல் கடை போடுவதைத் தடுத்தே தீருவது என்று ஃபிட்டர் முடிவு செய்தார். வாயைத் திறந்து "வேண்டாம்" என்று சொல்லும் தைரியம் மட்டும்தான் இல்லை. கையில் ஸ்பானர் இருக்கும்போது வாய் எதற்கு?

முன்னறையில் தையல் மெஷினும் துணியும் போக, நிற்க இடமில்லை. தெருமுனையில் ஒரு கடை காலியாகியிருந்தது. அவள் அங்கே போய்விட்டால், வேலை முடிந்து வருகிறவர் பூட்டிய கதவோடுதான் பேச வேண்டும்.

அவள் வெளியே போன நேரமாகப் பார்த்து, தையல் மெஷின் மேஜைக்கு அடியில் மோட்டாரைத் தாங்கும் போல்ட்டுகளிலிருந்து ஸ்ப்ரிங் வாஷர்களை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வாயைப் பிளந்த சின்ன இரும்பு வளையம்தான். நட்டை முறுக்கினால் பரம சாதுவாகப் படுத்துக்கொள்ளும். உள்ளுக்குள் எதிர்த்துத் தள்ளிக்கொண்டே இருக்கும். எவ்வளவு அதிர்ந்தாலும் நட்டு கழலாமல் இருப்பது அதனால்தான். அவர் வீடு ஓடுவதும் ஏறக்குறைய அப்படித்தான்.

சீக்கிரமே மோட்டார் ஆடியது.

"என்னங்க, நட்டு கழண்டுடுச்சு!"

"யாருக்கு?"

"இப்போதைக்கு மெஷினுக்கு."

கீழே உட்கார்ந்து, கையை விட்டுத் தடவியே முறுக்கினார். கண் அவள் முகத்தில் இருந்தது. ஒரு நிமிஷ வேலைக்கு ஒரு மணி நேரம் பேசினார்கள். அப்புறம் வாரா வாரம் இதே கதை.

"பார்த்தியா? நான் இல்லேன்னா இது ஓடாது. கடையில யார் வந்து முறுக்குவா?"

"அதுவும் சரிதான்" என்று அவள் யோசனையில் ஆழ்வாள்.

ஆனால் மனசு உறுத்தியது. மோட்டார் பெயர்ந்து அவள் காலில் விழுந்தால்? ஒரு மாலை, வாஷர்களைத் திரும்ப மாட்டிவிடலாம் என்று மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தார். எல்லா போல்ட்டிலும் புத்தம்புது வாஷர்!

"நான்தான் போட்டேன்" என்றாள் மனைவி. "உங்க சட்டையைத் துவைக்க எடுத்த அன்னைக்கே விஷயம் தெரிஞ்சுபோச்சு."

"அப்ப வாரா வாரம் எப்படிக் கழண்டுச்சு?"

"நீங்க வர்ற நேரம் பார்த்து நான்தான் கழட்டி வெச்சேன். வேற எதுக்கு நீங்க இப்படி உட்கார்ந்து பேசியிருக்கீங்க?"

ஃபிட்டர் பழைய வாஷர்களை எடுத்து மேஜைமேல் வைத்தார். "கடைக்குப் போயிட்டா இந்தப் பேச்செல்லாம் போயிடுமேன்னுதான்..."

"எங்க போயிடும்? கடைச் சாவி வாங்கியாச்சு. சாயங்காலம் பட்டன் தைக்க ஒரு ஆளையும் பிடிச்சு வெச்சுட்டேன்."

"யாரு?"

அவள் ஊசியில் நூலைக் கோத்து அவர் கையில் கொடுத்தாள்.