மஞ்சள் தீயும் போர்வைத் திருடனும்

ஒரு காட்டில் கரடிக்குப் பிள்ளை பிறந்தால் முதலில் மூட்டை கட்டிக்கொண்டு வந்து இறங்குவது யார், சொல்லுங்கள் பார்ப்போம்? மருத்துவச்சியா? இல்லை. பெற்ற தாயா? அதுவும் இல்லை. நாத்தனார்!

பூவாத்தா என்ற கரடிக்கு ஆண் குட்டி பிறந்திருந்தது. மலைக்காடு, மார்கழிக் குளிர், விறகெல்லாம் ஊறிக் கிடந்தது. அதனால் அவள் புருஷன் சடையன் குகைக் குளியலறையில் கேஸ் கீசர் ஒன்று வாங்கி மாட்டினான். மாட்ட வந்த குரங்கு சுவரில் தரையோரம் ஒரு ஓட்டையும் கூரையோரம் ஒரு ஓட்டையும் போட்டது.

"வெளியே மாட்டலாம்னு சொன்னேன், மழையில நனையும்னுட்டீங்க. சரி, இந்த ரெண்டு ஓட்டையையும் மட்டும் அடைச்சிடாதீங்க" என்றது குரங்கு. "நம்மள மாதிரி நெருப்புக்கும் மூச்சுக்காத்து வேணும். வெளியிலிருந்து வரலைன்னா உங்க பங்கைத் தின்னுட்டு விஷக்காத்தைக் கக்கும். அது கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. ஆளையே சாய்ச்சிடும்."

அதையே அச்சடித்த சிவப்பு ஸ்டிக்கர் ஒன்றைக் கதவில் ஒட்டிவிட்டு, இன்னும் மூணு வீடு பாக்கி என்று மரத்துக்கு மரம் தாவிப் போய்விட்டது.

மறுநாள் காலை சடையனின் அக்கா வெள்ளையம்மா வந்து சேர்ந்தாள். பேர்தான் வெள்ளையம்மா, ஆள் அட்டக்கரி. வந்ததும் வராததுமாகக் குளியலறைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"அடப்பாவி! பச்சை உடம்புக்காரி குளிக்கிற இடத்துல இப்படியா ஓட்டை வைப்பே? காத்து பட்டா ஜன்னி கண்டுடும்டா!"

கீழ் ஓட்டையில் தன் கம்பளிப் போர்வையைத் திணித்தாள். மேல் ஓட்டையில் சடையனின் வேட்டியைச் சுருட்டி அடைத்தாள். கதவில் ஒரு விரிசல் இருந்தது. அதற்கு என்ன செய்வது என்று பார்த்தவள், அந்தச் சிவப்பு ஸ்டிக்கரையே உரித்து விரிசல்மேல் ஒட்டினாள். நன்றாக ஒட்டிக்கொண்டது.

சடையன் வாயைத் திறந்தான். அக்கா திரும்பிப் பார்த்தாள். சின்ன வயதில் ஒரு தேனடைக்காக அவன் இடது காதைக் கடித்துத் துப்பியவள் அவள். சடையன் வாயை மூடிக்கொண்டான்.

பூவாத்தாவையும் குட்டியையும் உள்ளே தள்ளி, வெள்ளையம்மா தானும் போய்த் தாழ் போட்டாள். கீசர் புசுபுசுவென்று பற்றியது. கொஞ்ச நேரத்தில் நீலமாக எரிந்த தீ காற்றுப் போதாமல் மஞ்சளாக மாறியது.

"பாத்தியா பூவாத்தா, மஞ்சள்! மங்களம்டி! வெறும் கீசருக்கே தெரியுது, நம்ம வீட்டுல ஆம்பளைப் பிள்ளை பிறந்திருக்குன்னு!" வெள்ளையம்மா போட்ட குலவையில் சோப்புப் பெட்டி கீழே விழுந்தது.

"அண்ணி, தலை சுத்துது. கதவைக் கொஞ்சம் திறக்கலாமா?"

"பிள்ளை பெத்தவளுக்குத் தலை சுத்தாம வால் சுத்துமா? எனக்கே கிறுகிறுன்னு சுகமா இருக்கு. மங்களம் உடம்புல ஏறுதுடி."

"குட்டி அழுகையை நிறுத்திட்டானே அண்ணி..."

"வெந்நீர் சுகம்."

வெளியே நின்ற சடையனுக்கு இது கேட்டது. குரங்கு சொன்னதெல்லாம் அவனுக்கு மனப்பாடம். கதவைத் தட்டக் கையை ஓங்கினான். கை அந்தரத்தில் நின்றது. காது அரித்தது.

அப்போது குகைக்குப் பின்பக்கம் 'கர் கர்' என்று சத்தம். எட்டிப் பார்த்தான். சீரங்கன் என்ற பெருச்சாளி, காட்டுக்கே தெரிந்த திருடன், கீழ் ஓட்டையில் நீட்டிக்கொண்டிருந்த கம்பளியைப் பல்லால் இழுத்துக்கொண்டிருந்தது. கம்பளி வரவில்லை. சடையனைக் கண்டதும் வெலவெலத்து விட்டுவிட்டது.

"விடாதே! பிடி! இழு!" என்று கிசுகிசுத்த சடையன் தானும் ஒரு முனையைப் பிடித்தான். இரண்டு பேரும் சேர்ந்து இழுத்த இழுப்பில் கம்பளி பிய்த்துக்கொண்டு வர, இருவரும் மல்லாக்க விழுந்தார்கள்.

"ஐயோ, என் போர்வை!"

கதவு படாரென்று திறந்தது. வெள்ளையம்மா தள்ளாடிக்கொண்டே ஓடி வந்தாள். முன்னால் போர்வையோடு பெருச்சாளி, பின்னால் வாளியோடு அவள். பூவாத்தா குட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்து புல்லில் உட்கார்ந்தாள். குட்டி அசையவில்லை. சடையன் அதன் முகத்தில் ஊதினான். முதுகைத் தடவினான். ஒரு தும்மல் வந்தது. அப்புறம் வந்தது பாருங்கள் ஒரு அழுகை, மலைக்கு அந்தப் பக்கம் யானைக்கூட்டமே நின்று திரும்பிப் பார்த்தது!

வெறுங்கையோடு திரும்பிய வெள்ளையம்மா குளியலறையை எட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"போச்சு! மறுபடியும் நீலமா எரியுது. அந்தப் பெருச்சாளி கண்ணு பட்டுடுச்சு. நாளைக்கு ரெண்டு சாக்கா வச்சு அடைக்கிறேன், இரு."

பூவாத்தா கீசரை அணைத்துவிட்டுப் புருஷனைத் தனியே இழுத்துப் போனாள்.

"நாளைக்குக் குட்டியோட நான் உள்ளே போகணும்னா ஓட்டை திறந்திருக்கணும். உங்க அக்காகிட்ட சொல்றீங்களா, இல்ல பெருச்சாளிகிட்ட சொல்றீங்களா?"

சடையன் ரொம்ப நேரம் யோசிக்கவில்லை. மதியம் அக்கா குறட்டை விட ஆரம்பித்ததும் பெருச்சாளியின் வளைக்குப் போய்க் குனிந்தான்.

"சீரங்கா, ஒரு உதவி..."

"போர்வையைத் திருப்பிக் கேக்காதீங்க அண்ணே. பிள்ளைங்க அதுல படுத்துட்டாங்க."

"வேணவே வேணாம்! நாளைக்கும் நீ வந்து திருடணும்."

பெருச்சாளி முகத்தைச் சுளித்தது. "கூப்பிட்டுக் குடுத்தா அது திருட்டா? அது வேலை. எங்க பரம்பரையில யாரும் வேலைக்குப் போனதில்ல."

"சரி, நான் கூப்பிடல. நீயாத்தான் வர்றே. நான் கத்துறேன், துரத்துறேன், கல்லுகூட விடுறேன்."

"கல்லு என்மேல படக் கூடாது."

"படாது. எங்க அக்கா மேல சத்தியம்."

"அவங்க மேலன்னா நீங்க தாராளமா பொய் சொல்வீங்களே!"

"அப்போ என் குட்டி மேல சத்தியம்" என்றான் சடையன். "கீசரைப் போடுறதுக்கு முன்னாடியே வந்துடுப்பா. கீழே இருக்கிற சாக்கோட போயிடாதே. மேலே என் வேட்டி இருக்கு, அதையும் மறக்காம எடுத்துட்டுப் போ."

நீதி: கீசர் வாங்குமுன் காற்றுக்கு வழி செய்க, அக்கா வருமுன் நல்ல திருடன் ஒருவனைப் பழக்கம் பிடித்துக்கொள்க.