இன்ஜினுக்கு ஜுரம்

கஸ்பாரே இன்ஜினை மாத்திட்டாரு. யாரோட காருக்கு? பொண்டாட்டி நுன்சியாத்தாவுக்கு அவ அப்பா குடுத்த காருக்கு. ஐந்நூறு சிசி, குட்டியூண்டு கார். அதோட முதுகுல அறுநூத்தம்பது சிசி இன்ஜினைத் திணிச்சிட்டு, இனிமே இது சிங்கம்னு தெருவெல்லாம் பீத்திக்கிட்டாரு.

சிங்கம்தான், பத்து கிலோமீட்டர் வரைக்கும். அப்புறம் அடுப்பு. ரேடியேட்டர், தண்ணி எதுவும் கிடையாது, காத்துலயே குளிர வேண்டிய இன்ஜின். சிசிலி வெயில்ல மலை ஏறும்போது குளிர்ச்சிக்கு எங்க போறது? ஒரே மாசத்துல நாலு தடவை நடுரோட்டுல நின்னுச்சு.

நுன்சியாத்தா கறாரா சொல்லிட்டா. ஆகஸ்ட் பதினஞ்சு மாதா திருநாளைக்கு மலைமேல இருக்கற அக்கா வீட்டுக்கு இதே கார்ல போகணும். வழியில ஒரு தடவை கார் நின்னாலும் சாவி இனிமே அவளுக்கு. இன்ஜினுக்குக் காத்து படட்டும்னு பின்மூடியைக் குச்சி குடுத்துத் தூக்கி வெக்கவும் கூடாது. போற ஊரு என்னா. என்னன்னு கேக்காதீங்க, ஊரு பேரே என்னாதான்.

இருபத்தாறு வருஷமா பொண்டாட்டியை ஸ்டீயரிங் தொட விடாத மனுஷன். விடுவாரா? பிரமாதமா ஒரு ஐடியா பிடிச்சாரு: ஹீட்டர். இந்தக் கார்ல ஹீட்டர்னா இன்ஜின் மேல பட்டு வர்ற சூட்டுக்காத்துதான். திறந்து விட்டா சூடு உள்ள வந்துடும், இன்ஜின் பிழைச்சுக்கும். கிளம்பறதுக்கு முன்னாடியே சத்தமில்லாம திறந்து வெச்சிட்டாரு.

அஞ்சாவது நிமிஷம் நுன்சியாத்தா நெளிஞ்சா.

"ஏங்க, கால் பக்கம் சுடுதே?"

"ஷிரோக்கோ. ஆப்பிரிக்காவுல இருந்து அடிக்கிற காத்து."

"என் காலுக்கு மட்டுமா அடிக்குது?"

"காத்துக்குக் கால் தெரியுமா, தலை தெரியுமா?"

நுன்சியாத்தா யோசிச்சா. அப்புறம் ரொம்ப அக்கறையா சொன்னா: "வெளிக்காத்துதானே சுடுது? அப்போ கண்ணாடியை ஏத்துங்க."

மாட்டிக்கிட்டாரு. ஏத்தலைன்னா பொய் வெளிய வந்துடும். ஏத்தினாரு. அவ கார் மேல இருந்த துணிக்கூரையையும் இழுத்து மூடினா. தன் கால் பக்கம் சூடு வர்ற ஓட்டையில அக்காவுக்குன்னு வாங்கின தர்பூசணியை உருட்டி அடைச்சா. இப்போ மொத்த ஆப்பிரிக்காவும் கஸ்பாரே பக்கம்.

இன்ஜின் ஜம்முனு பாடிக்கிட்டு ஏறுது. இன்ஜின் சூடானா எரியற ஆயில் எச்சரிக்கை விளக்கு கண்ணே சிமிட்டல. கஸ்பாரேவுக்குத்தான் கொதிக்குது. மூக்குக்கண்ணாடி மங்கிப்போச்சு, சட்டை உடம்போட தைச்ச மாதிரி ஒட்டிக்கிச்சு. தணலுக்குள்ள வெச்ச கத்திரிக்காய் மாதிரி வதங்கிட்டாரு. ஊருக்கு மூணு கிலோமீட்டர் இருக்கு. பிரேக்கை ஒரே அழுத்து. கதவைத் திறந்து ஓடி, ஆடு குடிக்கிற தொட்டியில தலையை முக்கினாரு.

நிமிர்ந்து பாத்தா நுன்சியாத்தா ஸ்டீயரிங் பக்கம் உக்காந்திருக்கா. கண்ணாடி எல்லாம் இறங்கியாச்சு, கூரையும் திறந்தாச்சு.

"இன்ஜின் நிக்கலை. கவனிச்சியா?"

"கார் நின்னுச்சுங்க."

"அது நான் நிறுத்தினது."

"யாரு நிறுத்தினாங்கன்னு பேச்சே இல்லையே. ஏறுங்க. தர்பூசணியை மடியில வெச்சுக்கோங்க, அது சூடா இருக்கு."

என்னாவுல அக்கா ரொசாரியா வாசல்லயே காத்திருந்தா. புது இன்ஜின் எப்படிடி, இன்னும் ஏதாவது மாத்தணுமான்னு கேட்டா.

நுன்சியாத்தா சாவியைக் கைப்பையில போட்டுக்கிட்டு சொன்னா: "இன்ஜின் அருமையா இருக்குக்கா. டிரைவரைத்தான் மாத்த வேண்டியிருந்துச்சு."