ஆறு பேரையும் முதலாளி ஆக்கியவர்

முதலாளிகளில் பல வகை உண்டு. திட்டுகிறவர் ஒரு வகை. அவரால் பெரிய தொந்தரவு கிடையாது, திட்டி முடித்தால் தொண்டை வறண்டு தானாகவே போய்விடுவார். எதிலும் மூக்கை நுழைக்கிறவர் இன்னொரு வகை. அவரை நாலு தும்மல் தும்மி விரட்டிவிடலாம். மூன்றாவதாக ஒரு வகை இருக்கிறது பாருங்கள், அதற்குத்தான் மருந்தே கிடையாது. அவர் வளர்த்துவிடுகிறவர்.

அவரை அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். ஏதோ ஒரு ஓட்டல் மாடியில், குளிரில் நடுங்கிக்கொண்டே இரண்டு நாள் பயிற்சி முடித்துவிட்டு வந்திருப்பார். கழுத்தில் மாட்டிய அட்டையை ஒரு வாரம் ஆகியும் கழற்றியிருக்க மாட்டார். கையில் ஜிப் வைத்த ஃபைல், சட்டைப் பையில் நாலு கலரில் ஸ்கெட்ச் பேனா, முகத்தில் அதுவரை யாரும் பார்த்திராத ஒரு சிரிப்பு. நேற்றுவரை "டேய்" என்று கூப்பிட்ட ஆளை இன்று "நண்பரே" என்பார். அந்த நண்பரோ, வேலையை விட்டு அனுப்பப் போகிறார் போலிருக்கிறது என்று நினைத்து வீட்டுக்குப் போன் போட்டுவிடுவார்.

நம் ஆள் அட்டைப்பெட்டி கம்பெனி வைத்திருந்தார். கம்பெனி என்றால் ஒரு நீளத் தகரக் கொட்டகை, நாலு மெஷின், ஒரே ஒரு சுழல் நாற்காலி. வேலைக்கு ஆறு பேர். அட்டையை அளந்து வெட்டும் வெட்டுக்காரர்தான் வயதில் மூத்தவர். பசை தடவுகிறவரை முதலாளி உட்பட எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெட்டி மூலையில் பின் அடிக்கிறவனுக்கு, அவன் மெஷின் போடும் சத்தத்தை வைத்து டக்டக் என்று பெயர். கட்டுப் போட அண்ணன் தம்பி இரண்டு பேர். பிறகு வேன் ஓட்டும் டிரைவர்.

பயிற்சியிலிருந்து வந்ததும் நம் ஆள் செய்த முதல் காரியம், சுவரில் ஒரு யோசனைப் பெட்டி மாட்டியது. "உங்க மனசுல என்ன தோணுதோ எழுதிப் போடுங்க." அக்கா கையை உயர்த்தி, "எழுதுவானேங்க, வாயாலயே சொல்றேன். பசை வாளி அந்தக் கோடியில இருக்கு, மேஜை இந்தக் கோடியில இருக்கு. நடந்து நடந்து முட்டி தேஞ்சிருச்சு" என்றார். "நல்ல யோசனை. எழுதிப் போடுங்க" என்றார் நம் ஆள். போட்டார். போட்டதோடு சரி. அந்தப் பெட்டிக்கு உள்ளே போட வழி இருந்தது, வெளியே எடுக்கத்தான் வழி வைக்கவில்லை. இந்த வகை ஆட்கள் மாட்டும் எல்லா யோசனைப் பெட்டியும் அப்படித்தான் இருக்கும், போய்ப் பாருங்கள்.

இதற்கிடையே ஒரு சிக்கல். பல்பு கம்பெனிக்குத் திங்கட்கிழமை நாலு மணிக்குள் ஐநூறு பெட்டி போய்ச் சேர வேண்டும். ஏற்கெனவே இரண்டு தடவை தாமதம். மூன்றாவது தடவையும் தாமதமானால் ஆர்டர் மொத்தமும் வேறு கம்பெனிக்குப் போய்விடும் என்று சொல்லிவிட்டார்கள். அந்த வேறு கம்பெனி யாருடையது? நம் ஆளின் மனைவிக்குக் கூடப்பிறந்த அண்ணனுடையது. ஆர்டர் போனால்கூடப் பரவாயில்லை, மச்சானிடம் போனால் அப்புறம் சொந்த வீட்டில் எப்படிச் சாப்பிட உட்கார்வது?

இந்த நிலைமையில் புத்தியுள்ள மனிதன் சனிக்கிழமை என்ன செய்வான்? ஆட்களை வேலை செய்ய விடுவான். நம் ஆள் மெஷினை எல்லாம் நிறுத்தச் சொல்லி, ஆறு பேரையும் வட்டமாக உட்காரவைத்து, ஆளுக்கொரு பலூன் கொடுத்து ஊதச் சொன்னார். மதியம் முழுக்க அதிலேயே போயிற்று. டக்டக் ஊதியது இரண்டு முறை வெடித்தது. இருநூறு பெட்டி பாக்கி நின்றது.

கடைசியில் எழுந்து நின்று தொண்டையைச் செருமினார்.

"வேலைக்காரன் மாதிரி யோசிச்சா கம்பெனி வளராது. திங்கக்கிழமையில இருந்து ஒவ்வொருத்தரும் முதலாளி மாதிரி யோசிக்கணும், முதலாளி மாதிரி நடந்துக்கணும். புரியுதா?"

வெட்டுக்காரர் பலூனை மடியில் வைத்துக்கொண்டு, "எந்த முதலாளி மாதிரிங்க?" என்றார்.

"என்ன கேள்வி இது? உங்களுக்கு எத்தனை முதலாளியத் தெரியும்?"

"உங்களை மட்டுந்தாங்க."

"அப்போ என்னையே பாத்துக்கங்க" என்று நெஞ்சை நிமிர்த்தினார் நம் ஆள். ஆறு பேரும் ஏற இறங்க ஒரு தடவை அவரை நன்றாகப் பார்த்துக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை வந்தது. நம் ஆள் வழக்கம்போலப் பத்தரைக்கு வந்தார். கொட்டகை பூட்டிக் கிடந்தது. ஒருவரும் இல்லை. தானே பூட்டைத் திறந்து, தானே விளக்கைப் போட்டு, திகைத்துப்போய் நின்றார். பதினொன்றுக்கு வெட்டுக்காரர் வந்தார். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, வெட்டும் மெஷினை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, கூரையை அண்ணாந்து பார்த்து, "ம்ம்" என்றார். பிறகு சுழல் நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டார்.

டக்டக் வந்தான். மேஜைமேல் ஒரு விரலால் கோடு இழுத்து, விரலில் ஒட்டிய தூசியை நம் ஆளுக்கு நேராகக் காட்டி, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிவிட்டுப் போய்விட்டான். அக்கா போனைக் காதில் வைத்தபடி உள்ளே வந்து, ஒரு கையை உயர்த்தி, "மீட்டிங்ல இருக்கேன், அப்புறம் பேசுறேன்" என்றார். அது போனில் இருந்தவருக்கா, இவருக்கா? போனில் யாருமே இல்லை என்று பிறகு தெரிந்தது. கட்டுப் போடும் அண்ணன் தன் தம்பியைப் பார்த்து, "அந்த வேலை என்னாச்சு?" என்று கேட்டான். தம்பி, "அதைத்தான் நானும் உன்கிட்ட கேக்கணும்னு இருந்தேன்" என்றான். இருவரும் திருப்தியோடு பிரிந்தார்கள். டிரைவர் மட்டும் எங்கே என்று தேடிப் பார்த்தால், வேனில்தான் இருந்தார். ஓட்டும் இடத்தில் இல்லை. பக்கத்து இருக்கையில், யாராவது வந்து வண்டியை எடுப்பார்கள் என்று காத்துக்கொண்டிருந்தார்.

கேலியா? விசுவாசமா? நம் ஆளுக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பன்னிரண்டு மணிக்குப் பல்பு கம்பெனியிலிருந்து போன். "நாலு மணி. நாலு மணி ஒரு நிமிஷம்னா வேணாம். உங்க மச்சான் சாம்பிள் பெட்டியோட வந்து வரவேற்பறையில உக்காந்திருக்கார்." அதை வைத்ததும் வீட்டிலிருந்து போன். "ஏங்க, எங்கண்ணன் பல்பு கம்பெனியில இருக்காராமே? எனக்கு ஒரு வார்த்தை சொல்லலியே நீங்க?"

நம் ஆள் வெட்டுக்காரரிடம் ஓடினார்.

"இன்னும் இருநூறு பெட்டி பாக்கி கெடக்குது! என்ன பண்றது?"

வெட்டுக்காரர் நாற்காலியில் அரைச் சுற்றுச் சுற்றினார். "பிரச்சினையோட வராதீங்க. தீர்வோட வாங்க."

அதை அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் யார்? சரி, அக்காவிடம் ஓடினார். அக்கா எழுந்து வந்து, அவர் தோளில் இரண்டு தட்டுத் தட்டி, "உங்களால முடியும். நான் நம்புறேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பப் போய் உட்கார்ந்தார்.

வேறு வழி? நம் ஆள் முழுக்கைச் சட்டையோடு வேலையில் இறங்கினார். வாளிக்குப் போய்ப் பசையில் பிரஷ்ஷைத் தோய்த்து, சொட்டச் சொட்ட இருபத்திரண்டு அடி நடந்து மேஜைக்கு வந்து, தடவி, மடித்து, மறுபடி இருபத்திரண்டு அடி நடந்து வாளிக்குப் போய்க் குனிந்தபோது, கழுத்து அட்டை பசைக்குள் விழுந்து, அதை எடுக்கப்போய் சட்டைக் கை ஒட்டி, ஒட்டிய கையோடு பின் அடிக்கப்போய், முப்பத்தோராவது பெட்டியோடு தன் சட்டையையும் சேர்த்து டக்கென்று பின் அடித்தார். பெட்டியும் அவரும் ஒன்றானார்கள்.

மணி இரண்டு. இன்னும் நூற்று அறுபத்தொன்பது. முட்டி இரண்டும் கெஞ்சின. அப்போதுதான் கையில் பெட்டி தொங்க, பசை வாளியைக் காலால் தள்ளித் தள்ளிக் கொண்டுவந்து மேஜையோரம் வைத்தார். வைத்துவிட்டுத் தானே அதைக் கண் கொட்டாமல் பார்த்தார். நடக்கவே வேண்டாம்! கையை நீட்டினால் பசை!

"பாத்தீங்களா எல்லாரும்! வாளியப் பக்கத்துல வச்சா எவ்வளவு நேரம் மிச்சம்! இதுக்குப் பேருதான் புதுமை!"

அக்கா நாற்காலியை விட்டு அசையவில்லை. "நல்ல யோசனை. எழுதிப் போடுங்க."

டக்டக் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடினான். நம் ஆள் கீழே கிடந்த அட்டைக் கட்டின்மேல் பொத்தென்று உட்கார்ந்தார்.

"தப்புதான், விடுங்க. இன்னைக்கு ஒரு நாள் பழையபடி வேலை பாருங்கப்பா. என் மானத்தைக் காப்பாத்துங்க."

"அதெப்படிங்க?" என்றார் வெட்டுக்காரர். "வளந்துட்டோமே. வளந்த ஆளு திரும்ப எப்படிங்க சுருங்குறது?"

"வேணும்னா வளந்தே இருங்க! வாளிய எங்க வைக்கணுமோ வச்சுக்கங்க, மேஜைய எப்படிப் போடணுமோ போட்டுக்கங்க, என்னைக் கேக்கவே வேணாம்!"

"கேக்க வேணாமா?"

"சத்தியமா வேணாம்!"

வெட்டுக்காரர் சுழல் நாற்காலியிலிருந்து எழுந்தார். அவ்வளவுதான். அண்ணனும் தம்பியும் மேஜையைத் தூக்கித் திருப்பிப் போட்டார்கள். இந்தப் பக்கம் பசை, அந்தப் பக்கம் பின், நடுவே கைமாற்றும் இடம். அக்கா தடவ, வெட்டுக்காரர் மடிக்க, டக்டக் முதலில் முதலாளியைப் பெட்டியிலிருந்து பிரித்தெடுத்துவிட்டு மெஷினில் உட்கார, இந்த ஏற்பாட்டை எவ்வளவு வருடமாக மனசுக்குள் வைத்திருந்தார்களோ, ஒருவர் வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்காமல் வேலை ஓடியது. மூன்று இருபதுக்குக் கடைசிக் கட்டு வேனில் ஏறியது. டிரைவரை மட்டும் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாற்ற நாலு பேர் தேவைப்பட்டார்கள். மூன்று ஐம்பத்தைந்துக்குப் பெட்டிகள் பல்பு கம்பெனி வாசலில் இறங்கின. மச்சான் சாம்பிளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தார்.

அடுத்த மாதம் ஆர்டர் இரண்டு மடங்கு ஆயிற்று. நம் ஆள் திருந்தினாரா என்று கேட்கிறீர்கள். முதலாளிகள் சங்கத்துக் கூட்டத்தில், பசை வாளியோடு நின்று எடுத்த படத்தைத் திரையில் போட்டு, "என் ஊழியர்களை நான் வளர்த்துவிட்ட கதை" என்று முக்கால் மணி நேரம் பேசினார். கேடயம் கொடுத்தார்கள். கைதட்டியவர்களில் பாதிப் பேர் மறுநாளே பலூன் வாங்கக் கிளம்பிவிட்டார்கள்.

நமக்குத்தான் கம்பெனியும் இல்லை, கொட்டகையும் இல்லையே என்று நீங்கள் நிம்மதியாகச் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஒன்றே ஒன்று கேட்டுவிடுகிறேன். இன்று காலை உங்கள் வீட்டில் ஒருவர் துடைப்பத்தோடு வந்தபோது, "இது நம்ம வீடு, எல்லாருமாச் சேர்ந்துதான் சுத்தமா வச்சுக்கணும்" என்று சொல்லிக்கொண்டே, அவர் பெருக்க வசதியாக இரண்டு காலையும் தூக்கிக் கொடுத்தீர்களா?

கொடுத்தீர்கள் அல்லவா? கொஞ்சம் அப்படியே இருங்கள். கீழே இன்னும் பெருக்கி முடியவில்லை.