அறுபத்து மூன்று புள்ளி நான்கு சதவீத முயல்கள்

ஒரு காட்டில், இன்டர்நெட் வந்து மூன்று மழைக்காலம் ஆகியிருந்த ஒரு காட்டில், செண்பகவல்லி என்றொரு கீரி சுகாதாரச் செவிலியாக இருந்தாள்.

அந்த வருடம் முயல்களுக்குச் சொறி வந்தது. சாதாரணச் சொறி இல்லை. சொறிய ஆரம்பித்தால் சாப்பாடு மறந்துபோகும், தூக்கம் மறந்துபோகும், பின்னால் ஓநாய் வருவதுகூட மறந்துபோகும். வேலம்மா என்ற முயலுக்கு ஐந்து குட்டிகள். ஐந்தும் ரோமம் கொட்டி, தோல் உரித்த வேர்க்கடலை மாதிரி ஆகியிருந்தன.

“அக்கா, சின்னவன் மூணு நாளா சரியா பால் குடிக்கலை. சொறியறதுக்கே அவனுக்கு நேரம் பத்தலை” என்று அழுதாள் வேலம்மா.

மருந்து இல்லாமல் இல்லை. அரண்மனைக் கிடங்கில் பன்னிரண்டு பீப்பாய் வேப்பெண்ணெய் சும்மா கிடந்தது. செண்பகவல்லி ஒவ்வொரு வளையாகப் புகுந்து எண்ணினாள். முந்நூறு முயல்களில் இருநூற்றுப் பன்னிரண்டுக்குச் சொறி. அதை ஒரு தேக்கிலையில் எழுதிக்கொண்டு சிங்கராசாவிடம் ஓடினாள்.

சிங்கராசா இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதை யார் எண்ணியது?”

“நான்தானுங்க, மகாராசா.”

“எந்த ஆய்விதழில் வந்தது?”

“இலையில வந்ததுங்க.”

“இலையில் வந்தால் அது சாப்பாடு. ஆய்விதழில் வந்தால்தான் புள்ளிவிவரம். நூலகத்துக்குப் போய் ஆதாரத்தோடு வா.”

காட்டு நூலகம் கரையான் புற்றுகளுக்கு நடுவே இருந்தது. அதில் ஆபத்து ஒன்றுமில்லை. நூலகர் தாமோதரம் ஓர் அழுங்கு, அதாவது எறும்புத்தின்னி; கரையான்தான் அவருக்கு மதியச் சாப்பாடு. ஒரே ஒரு சங்கடம். யாராவது கேள்வி கேட்டால், உடம்பெல்லாம் செதிலாக அவர் பந்துபோலச் சுருண்டுகொள்வார்.

“அண்ணே, முயல் சொறி பத்தி ஒரு புள்ளிவிவரம் வேணும்.”

அண்ணன் பந்தானார். கொஞ்ச நேரம் கழித்துப் பந்துக்குள்ளிருந்து குரல் வந்தது. “முதல்ல விண்ணப்பத்தைப் பூர்த்தி பண்ணு. அப்புறம் மூணாவது கம்ப்யூட்டர்ல தரவுத்தளத்தைத் திற.”

பெயர், இனம், வாலின் நீளம், ஆய்வின் நோக்கம். செண்பகவல்லி வாலை முழம்போட்டு அளந்து எழுதிக் கொடுத்தாள். பிறகு உட்கார்ந்து ‘முயல்’ என்று தட்டினாள். முப்பத்தெட்டாயிரம் கட்டுரைகள் வந்து நின்றன. முதல் கட்டுரை: ‘முயல் இறைச்சியின் மென்மை - ஓநாய்களிடையே ஒரு கருத்துக்கணிப்பு’. இரண்டாவது அதற்கு மிளகு எவ்வளவு போடலாம் என்பது பற்றி.

“ஒத்தைச் சொல்லைப் போட்டா காடே வந்து விழுமே தங்கச்சி” என்று பந்து கொஞ்சம் விரிந்தது. “நடுவுல ‘மற்றும்’ போடு. வேண்டாததுக்குப் பின்னால ‘தவிர’ போடு.”

‘முயல் மற்றும் சொறி, சமையல் தவிர’ என்று தட்டினாள். பூஜ்யம்.

“சொறின்னா எப்படி வரும்? படிச்சவங்க எழுத்துல சொறியே கிடையாது. மேல்தோல் ஒட்டுண்ணிப் பாதிப்புதான். ‘பரவல் விகிதம்’னும் சேர்த்துக்க. கட்டுரை முழுசா கிடைக்கறது மட்டும்னு ஒரு டிக் போடு.”

இரண்டே இரண்டு கட்டுரை வந்தது. முதலாவதில் முயல்கள் ஒத்துழைக்காததால் அணில்களை எண்ணியிருந்தார்கள். இரண்டாவதில், ஒன்பதாம் பக்கத்தில், நான்காம் அட்டவணையில் இருந்தது அந்த எண். வடகாட்டு முயல்களில் அறுபத்து மூன்று புள்ளி நான்கு சதவீதம்!

செண்பகவல்லி போட்ட கூச்சலில் தாமோதரம் மறுபடி சுருண்டு, வாசல்வரை உருண்டு போனார்.

“ஆனா அண்ணே, இது வேற காடாச்சே? எண்ணினதும் நாப்பத்தோரு முயலைத்தானாம்.”

“புள்ளி இருக்குல்ல? தைரியமா போ.”

போனாள். சிங்கராசா படித்தார். பிடரி சிலிர்த்தது. “நான்கு பார், நான்கு! புள்ளிக்குப் பின்னால் எவ்வளவு அழகாக உட்கார்ந்திருக்கிறது!” என்று கண்ணைத் துடைத்தார். “பன்னிரண்டு பீப்பாயையும் உடனே யானைமேல் ஏற்றுங்கள்!”

செண்பகவல்லி குதித்தாள்.

“வடகாட்டுக்கு அனுப்புங்கள்!”

குதித்தவள் பாதியில் நின்றாள். “மகாராசா, சொறி நம்ம முயலுங்களுக்குங்க!”

“நம் காட்டைப் பற்றிக் கட்டுரை இருக்கிறதா?”

“இல்லைங்க.”

“அப்படியென்றால் நோயும் இல்லை. உன் சேவைக்குப் பாராட்டுகள், செவிலி!”

யானைகள் கிளம்பின. செண்பகவல்லிக்கு முதலில் அழுகை வந்தது, பிறகு கோபம் வந்தது, கடைசியில் ஒரு யோசனை வந்தது. நேராக வேலம்மா வளைக்கு ஓடினாள். “புள்ளைங்களைக் கிளப்பு. எல்லாரும் வடகாட்டுக்குப் போறோம்.”

“அங்க நமக்கு யாரு இருக்கா, அக்கா?”

“புள்ளிவிவரம் இருக்குடி!”

இருநூற்றுப் பன்னிரண்டு முயல்கள் யானைகளுக்குப் பின்னால் வரிசையாக நடந்தன. ஒவ்வொன்றும் முன்னால் போகிறவர் முதுகைச் சொறிந்துகொண்டே நடந்ததால் வழியில் யாருக்கும் அலுப்புத் தெரியவில்லை. முதலில் போன முயலுக்கு மட்டும் சொறிய முதுகு இல்லை. அது யானை வாலைச் சொறிந்தது.

வடகாட்டு முயல்கள் எண்ணெயைப் பார்த்து விழித்தன. கட்டுரை வந்து நாலு வருடமாம். அவற்றுக்கு எப்போதோ குணமாகி, ரோமம் பட்டாக மின்னியது. “தாராளமா எடுத்துக்குங்க, எங்களுக்கு நாத்தம் ஆகாது” என்று ஒதுங்கி நின்றன. பத்தே நாளில் வேலம்மா குட்டிகளுக்கு ரோமம் முளைத்தது. சின்னவன் பாலை விடாமல் குடித்து அம்மாவிடம் அடி வாங்கினான்.

இதற்கிடையில் வடகாட்டுக் கொக்கு ஒருவர், வந்தவர்கள் வந்த அன்றே எல்லாரையும் சேர்த்து எண்ணி, சுடச்சுட ஒரு கட்டுரை எழுதிவிட்டார். பாதிப்பு எண்பத்து மூன்று புள்ளி எட்டு! சிங்கராசா அதைப் படித்துத் தேம்பித் தேம்பி அழுது, இன்னும் இருபது பீப்பாய் அனுப்பினார். இப்போது அங்கே யாருக்கும் சொறி இல்லை. அந்த எண்ணெயில் விளக்கேற்றி ஒரு வாரம் திருவிழா கொண்டாடினார்கள்.

திருவிழா முடிந்ததும் வேலம்மா கேட்டாள். “அக்கா, இனி வீட்டுக்குத் திரும்பலாமா?”

செண்பகவல்லி பதறிப்போனாள். “கட்டுரை இல்லாத காட்டுல குழந்தைங்களை வச்சுக்கிட்டு எப்படிடி குடியிருப்ப?”

நீதி: நோய் வந்தால் மருந்தைத் தேடி அலையாதே, உன் நோய் எந்தக் காட்டின் அட்டவணையில் இருக்கிறதோ, அங்கே குடிபோய்விடு.