பத்து டிகிரியில் ஒரு டப்பா

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். ஃபிரிட்ஜின் நலம் கீழே. போனில் சொல்லலாம்தான், ஆனால் குரல் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் கடிதம்.

நீ பயிற்சிக்குக் கிளம்பும்போது அந்துப்பூச்சி முட்டை டப்பாவை என் கையில் கொடுத்து, "அப்பா, பத்து டிகிரி. கூடவும் கூடாது, குறையவும் கூடாது. ஏழாம் நாள் அட்டையில தூவி, குளவி பாட்டிலுக்குள்ள விட்டுடுங்க. குளவிங்க இந்த முட்டைக்குள்ள முட்டை வச்சாதான் கரும்புக்காரங்களுக்கு அட்டை போகும், வயல்ல புழு ஒழியும். என்னோட முதல் ஆர்டர்ப்பா" என்றாய். பஸ் டிப்போவில் முப்பத்திரண்டு வருடம் நேரம் குறித்தவனிடம் இதைச் சொல்ல வேண்டுமா? நோட்டுப் போட்டேன். கால் மணிக்கு ஒரு தரம் கதவைத் திறந்து தெர்மாமீட்டரைப் பார்த்துக் குறித்தேன். முதலில் பத்து, பிறகு பன்னிரண்டு, பதறிப்போய்க் குளிரைக் கூட்டினேன், நாலுக்கு இறங்கியது, குறைத்தேன், பதினாலுக்கு ஏறியது, ஏன் ஏறுகிறது என்று பார்க்க ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் திறந்தேன், இன்னும் ஏறியது. "தொறந்து தொறந்து பாத்தா அது எப்படிங்க குளிரும்?" என்றாள் அம்மா. அவளுக்கு என்ன தெரியும் என்று மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். அவர் ஃபிரிட்ஜின் பின்னால் போய்ப் பார்த்து, முன்னால் வந்து என்னையும் பார்த்து, "இதுக்கு ஒண்ணும் இல்ல சார். கொஞ்சம் தனியா விடுங்க" என்றார். விட்டேன். எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துதான் விட்டேன்.

இன்று ஏழாம் நாள். காலையில் அட்டையில் பசை தடவி, தூவி, பாட்டிலுக்குள் விட்டேன். உன் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தால், வாடகைக்கு வீடு பார்க்க வந்தவர்கள் மாதிரி குளவிகள் ஒவ்வொன்றாக ஏறி, நாலு பக்கமும் சுற்றிவிட்டு, பிடிக்காமல் இறங்கிப் போகின்றன. மதியம் வரை ஒன்றுகூட உட்காரவில்லை. குளிர் ஏறி இறங்கியதில் முட்டை கெட்டுவிட்டது. கெடுத்தது நான், மன்னித்துவிடு. வியாழக்கிழமை அட்டை வாங்கக் கரும்பு விவசாயிகள் சங்கத்துக்காரர் வந்தால் நானே சொல்லிவிடுகிறேன். உன் பெயர் கெட வேண்டாம்.

எங்கிருந்தாலும் நன்றாக இரு, வேளைக்குச் சாப்பிடு. கோபித்துக்கொள், ஆனால் பேசாமல் மட்டும் இருந்துவிடாதே.

அப்பா

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் அம்மா இதை வாங்கிப் படித்தாள். சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறிவிட்டது. "அது கசகசாங்க. நெஜ முட்டை பக்கத்து வீட்டு டீச்சர் ஃபிரிட்ஜுல முதல் நாள்லேருந்து பத்திரமா இருக்கு. உங்க பொண்ணுதான் சொல்லிட்டுப் போனா, அப்பா கை சும்மா இருக்காதும்மான்னு." ஆகவே மேலே கேட்ட மன்னிப்பை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். கோபம் இப்போது எனக்குத்தான். நிஜ அட்டை பாட்டிலுக்குள் போய்விட்டது. வைத்ததுமே குளவிகள் குடியேறிவிட்டன. இனி யாரையும் நம்புவதாக இல்லை, பாட்டிலை நானே பார்த்துக்கொள்கிறேன். கண்ணாடி வழியாகச் சரியாகத் தெரியாததால் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் மூடியைத் திறந்து எண்ணிக் குறிக்கிறேன். முதல் தரம் எண்ணவே முடியவில்லை, அத்தனை குளவிகள். இப்போது எண்ண முடிகிறது.