துண்டுக்கடியில் ஒரு சர்டிபிகேட்

தர்மபுரி மாவட்டத்தில் விலை விசாரிக்காமல் மழையில்கூட நனையாத ஒரே மனிதர் துண்டுக்காரர்தான். கம்பைநல்லூர்ப் பக்கத்து மாட்டுத் தரகர். சந்தையில் தரகர்கள் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். கைமேல் துண்டைப் போர்த்தி, அதற்கடியில் விரலைப் பிடித்துச் சொல்வார்கள். மற்றவர்கள் அந்தப் பழக்கத்தைச் சந்தையிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போவார்கள். இவர் மளிகைக் கடையிலும் துண்டைப் போடுவார். ஒருமுறை பஸ் கண்டக்டர் கைமேல் போட, அவர் பயந்துபோய் விசில் அடித்து பஸ்ஸையே நிறுத்திவிட்டாராம்.

அப்போது நான் கடத்தூர்ப் பக்கம் ஒரு சமுதாயக் கல்லூரியில் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி நடத்திக்கொண்டிருந்தேன். கல்லூரி என்றால் இரண்டு ஷெட். அட்மிஷன் சமயத்தில் மேசையிலும் நானே உட்கார வேண்டும். துண்டுக்காரர் தன் மகள் ஸ்டெல்லாவோடு வந்து நின்றார். அந்தப் பெண்ணுக்கு பிரிட்ஜ், ஏசி மெக்கானிக் சர்டிபிகேட் படிப்பு வேண்டும். ஒரு வருடம்.

“எவ்வளவுங்க சார்?”

“போர்டுல போட்டிருக்குங்க.”

“போர்டு ஊருக்குங்க. எனக்குச் சொல்லுங்க.”

என் கைமேல் துண்டு விழுந்தது. உள்ளே என் விரல்களில் பாதியைப் பிடித்து அழுத்தினார். பாதி பீஸ் என்று அர்த்தமாம். நான் பதறிப்போய்க் கையை உருவினேன்.

“சரி, சாரு எறங்க மாட்டேங்கறாரு” என்று மகளிடம் சொல்லிவிட்டு, ஒர்க் ஷாப்பைப் பார்க்கப் போனார். அங்கிருந்த பழைய பிரிட்ஜின் விலாவில் நான்கு தட்டுத் தட்டினார். “இது எத்தனாவது ஈத்துங்க?” மாடு எத்தனை கன்று போட்டது என்று சந்தையில் கேட்கிற கேள்வி அது. பயிற்சி ஆசிரியர் அதை ஏதோ தொழில்நுட்பக் கேள்வி என்று நினைத்து, “கொஞ்சம் பழைய மாடல்ங்க” என்றார். துண்டுக்காரர் தலையாட்டினார்.

அவருக்கு ஒரு நியாயமான கணக்கு இருந்தது. பனியன் கம்பெனி வேன் ஊருக்கே வந்து பெண்பிள்ளைகளை ஏற்றிப் போகிறது. போன முதல் மாதமே சம்பளம். இங்கே பீஸும் கட்டி, ஒரு வருடச் சம்பளத்தையும் விட வேண்டும்.

“கறந்து காட்டாத மாட்ட எவனாவது வாங்குவானுங்களா சார்? இங்க படிச்சவன் ஒருத்தன் எவ்வளவு சம்பாதிக்கறான்னு காட்டுங்க.”

வகுப்பில் பாதி இடம் காலியாக இருந்ததால், பிரின்சிபால் என்னையே அவர்களோடு அனுப்பினார். எங்கள் பழைய மாணவன் வேலை பார்க்கும் ஏசி சர்வீஸ் கடைக்கு, தர்மபுரிக்கு, மூவரும் பஸ் ஏறினோம்.

கடை முதலாளி படித்தவர், இன் செய்த சட்டை. துண்டைக் கண்டு முகம் சுளிப்பார் என்று பயந்தேன். அவரோ வாட்சைக் கழற்றி வைத்துவிட்டுக் கையை உள்ளே விட்டார். அவருடைய அப்பாவும் சந்தைக்காரராம். துண்டு அசைந்தது. ஒருமுறை முதலாளி ‘ஸ்ஸ்’ என்றார். கடைசியில் துண்டுக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டார்.

“சர்டிபிகேட் இருக்கறவனுக்கு ஒரு வெலை, இல்லாதவனுக்கு ஒரு வெலை. நடுவுல ஒரே வெரலுதாங்க சார். அதுக்கு ஒரு வருசம் நம்ம வூட்டுத் தீனி. நட்டம்.”

“ஆரம்பச் சம்பளம்தாங்க அது” என்றார் முதலாளி. துண்டுக்காரர் அதற்குள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

அதுவரை வாயே திறக்காத ஸ்டெல்லா கேட்டாள்: “ஏம்ப்பா, கன்னுக்குட்டி வாங்கறப்ப இன்னிக்கு எத்தன லிட்டர் கறக்கும்னு கேப்பியா?”

துண்டுக்காரரின் கால் செருப்புக்கு மேலேயே நின்றது.

“கம்பெனிக்குப் போன அக்காங்க எல்லாம் போனப்ப என்ன வாங்கனாங்களோ, இன்னிக்கும் ஏறக்கொறய அதேதான் வாங்கறாங்க. நீயே அவங்க வூட்டுல கேட்டுப் பாரு.” அவர் தோளிலிருந்த துண்டைத் தானே இழுத்துத் தன் கைமேல் போட்டுக்கொண்டாள். “வா. என்கிட்ட பேசு.”

பெற்ற மகளிடம் அவர் அதற்குமுன் பேரம் பேசியதில்லை. தயங்கித் தயங்கித்தான் கையை உள்ளே விட்டார். முதலாளி போனை எடுக்காமல் அடிக்கவிட்டார். எங்கள் பழைய மாணவன் ஸ்க்ரூவை வாயில் வைத்துக்கொண்டு பார்த்தான். ஸ்டெல்லாவின் பார்வை அப்பா முகத்தைவிட்டு நகரவில்லை. கடைசியில் துண்டுக்காரர் கையை எடுத்து, கண்ணில் தூசு விழுந்ததாகச் சொல்லித் துடைத்துக்கொண்டார்.

“படிஞ்சிருச்சுங்க சார். பீஸ கட்டிரலாம்.”

என்ன விலைக்குப் படிந்தது என்று இருவரிடமும் தனித்தனியாகக் கேட்டிருக்கிறேன். இருவருமே சொல்லவில்லை. பீஸ் கட்டிய கையோடு, “புள்ளய கொண்டாந்து விட்டதுக்கு எனக்குத் தரகு?” என்று என்னிடம் கை நீட்டினார். டீ வாங்கிக் கொடுத்தேன். வடையும் கேட்டார்.

ஸ்டெல்லா தேறினாள். அந்தக் கடையிலேயே அந்த ஒரு விரல் கூடுதல் சம்பளத்துக்குச் சேர்ந்து, தொழில் பழகி, இப்போது தனியாக வேலைக்குப் போகிறாள். வெயில் காலத்தில் அவளைப் பிடிப்பது கஷ்டம்.

போன மாதம் எங்கள் வீட்டு பிரிட்ஜ் நின்றுபோனது. ஸ்கூட்டரில் அவள் வந்தாள். பின்னால் டூல் பேக்கை மடியில் வைத்துக்கொண்டு துண்டுக்காரர். வேலை முடிந்ததும் அவள் கூலியைச் சொன்னாள். பழைய கணக்கைத் தீர்க்க இதுதான் சமயம் என்று நான் துண்டுக்குக் கை நீட்டினேன். அவர் நகர்ந்துகொண்டார்.

“அது எம் பொண்ணு சொன்ன வெலைங்க சார். அதுல பேரம் கெடையாது.”

காபி குடித்தார். தூள் என்ன விலை என்று கேட்டார். கிளம்பிப் போனார்கள்.

அன்றிலிருந்து பிரிட்ஜ் ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. எனக்குத்தான் அது கொஞ்சம் வருத்தமாக இருக்கிறது.